இருபத்தெட்டாம் நம்பர்

இன்னும் பதினாலுதான் நடக்கிறது. பதினாலுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் எத்தனை கொட்டாவியோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கொட்டாவியைக் கூட இங்கே வாய் திறந்து விட முடியாது, நீதிபதி மேடம் மேடையிலிருந்து பார்த்துவிட்டால் அவ்வளவுதான், அதனால் மோகனப்பிரியா வந்த கொட்டாவியை மூக்கு வழியாக அனுப்பி வைத்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷம். இன்டர்ன்ஷிப். சொல்லும்போது என்னவோ பெரிதாகத்தான் இருக்கிறது. ஆறுச்சாமி வக்கீலிடம் சேர்ந்ததிலிருந்து அவள் செய்வது இரண்டே வேலை, வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடப்பது, இல்லையென்றால் இந்தக் கீழ்த்தளத்து சிவில் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்து நம்பர் எண்ணுவது. அவர் மாடிக் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் நின்றுகொண்டிருப்பார். இங்கே நம்பர் நெருங்கும்போது இவள் மேலே போய் அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். "பேசாத. கையக் காட்டாத. சும்மா வந்து நில்லு, எனக்குத் தெரியும்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பேசாமல் நிற்பதற்கும் பேசாமல் உட்காருவதற்கும் நாலு வருஷம் படிக்க வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஐந்து வருஷம் என்று சொல்லியிருப்பார், அப்படிப்பட்ட ஆள். செல்போனை உள்ளே தொடக்கூடாது. நம்பரைக் காட்டும் பலகையெல்லாம் இங்கே கிடையாது. பெஞ்ச் கிளார்க் வாயால் சொன்னால்தான் உண்டு, அந்த மனுஷனோ தொண்டைக்குள்ளேயே சொல்லித் தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிடுவார், மேலே மின்விசிறி வேறு கடகடவென்று அடித்துக்கொள்ளும். இருபத்தஞ்சு வந்ததும் எழுந்திரிக்க வேண்டும். காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பதினாலு முடிந்து வாய்தா ஆனது. பதினஞ்சு.

"அம்மிணி," என்று ஜன்னல் கம்பிக்கு வெளியிலிருந்து கூப்பிட்டாள் துளசிமணி. கட்சிக்காரர்கள் வராந்தாவில்தான் நிற்பார்கள், உள்ளே இடம் இருக்காது. "ஏனுங், நம்முளுது வந்துருச்சுங்களா?" காலையிலிருந்து எத்தனையாவது முறை. "இன்னும் நேரமாகும்க்கா, நான் சொல்றேன்," என்றாள் இவளும் அத்தனையாவது முறை. துளசிமணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாவு மில் வைத்திருக்கிறாள். கட்டிடக்காரன் அவளைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் செல்போன் கடை வைக்கப் பார்க்கிறான். அவன் மில்லைப் பூட்டக் கூடாதென்று இந்தக் கோர்ட் ஒரு தடை கொடுத்திருந்தது, அந்தத் தடைக்கு ஆயுசு இன்றைக்கு வரைக்கும்தான். இன்றைக்கு யாராவது எழுந்து, தடையை நீட்டிக்க வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் நீளும். சொல்லாவிட்டால் போச்சு, சாயங்காலமே பூட்டுத் தொங்கும், மெஷினைத் தரையோடு சிமென்ட் போட்டுப் பதித்திருக்கிறது, தூக்கிக்கொண்டும் போக முடியாது. துளசிமணியின் புருவத்தில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது, நரை என்றுதான் முதலில் நினைத்தாள், கிட்டப் பார்த்தால் மாவு. கோர்ட்டுக்கு வருகிற அன்றைக்கும் விடியற்காலையில் இட்லிக் கடைக்காரர்களுக்கு அரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறாள். "நீங்க உள்ள இருக்கறதுனாலதானுங் எனக்குத் தெம்பு," என்றாள். இவளுக்குச் சங்கடமாக இருந்தது.

பதினாறு. கட்டு காணவில்லையாம், தேடுகிறார்கள். தேடட்டும். முதுகு வலிக்கிறது. இந்த பெஞ்சில் சாய முடியாது, சாய்ந்தால் ஒரு ஆணி குத்துகிறது, எத்தனை ஜூனியர்களைக் குத்திய ஆணியோ, பிடுங்கி எறியணும் என்று ஒருத்தனுக்குத் தோன்றவில்லை பாரேன், எல்லாரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள், இவளும்தான் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். கூடப் படிக்கிற ஷ்ருதி இந்நேரம் டெல்லியில் ஏசியில் உட்கார்ந்திருப்பாள். பெரிய வக்கீல் கம்பெனியின் கண்ணாடிக் கட்டிடத்துக்கு முன்னால் நின்று, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போட்டோ போட்டிருந்தாள், அதுக்குக் கீழே எத்தனை பேர் கை தட்டியிருக்கிறார்கள், இவளும் கை தட்டினாள், தட்டிவிட்டு வயிறெரிந்தாள், இல்லை என்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும். நாமும் ஒரு போட்டோ போடலாம், கடைசி பெஞ்ச், ஆணி, ஜன்னல் கம்பி. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. லாரி புக்கிங் ஆபீசில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் எம்பொண்ணு கோர்ட்டுக்குப் போகுது என்று சொல்லி வைத்திருக்கிறார், போன வாரம் பெரியப்பா மகன் வரப்புத் தகராறைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான், நீ ஒரு நோட்டீஸ் உட்டா அவன் பயந்துருவான் பிரியா என்கிறான், நோட்டீசா, நான் நோட்டீசை ஜெராக்ஸ் எடுத்துத் தருவேன், இரண்டு பக்கமும் எடுக்கணுமா ஒரு பக்கமா என்று கேட்பேன், அதில் நான் கெட்டிக்காரி. ஆறுச்சாமி சாருக்கு இவள் பேர் தெரியுமா என்றே சந்தேகம். ஏம்மா, இங்க வாம்மா, அந்தக் கட்டை எடும்மா. ஒரு நாள் வேறொரு வக்கீலிடம் இவளைக் காட்டி "இது நம்ம பாப்பா" என்றார். பாப்பாவா. இன்டர்ன்ஷிப் முடிந்து தரப்போகும் சர்டிபிகேட்டில் பாப்பா என்று எழுதிக் கொடுத்தாலும் கொடுப்பார்.

பதினேழு என்று கேட்டது. பதினேழு ஏதோ நில வழக்கு, நாலைந்து வக்கீல்கள் ஒன்றாக எழுந்து நின்றார்கள், ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அதில் ஒரு பெண் வக்கீல், இவளைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம், எழுந்தாள், ஒரு வரி சொன்னாள், உட்கார்ந்தாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். வாயைத் திறந்தால் வார்த்தை வருகிறது அவளுக்கு. இவளுக்கு ஒரு நாள் கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டி. இவள் பேரைக் கூப்பிட்டதும் எழுந்தாள், எழுந்த மட்டும் நன்றாகத்தான் எழுந்தாள், கையில் தாள் இருந்தது, தாளில் எல்லாம் இருந்தது, மை லார்ட் என்று ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான், இரண்டு வார்த்தை, குழந்தை கூடச் சொல்லும். வாயைத் திறந்தாள். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. எதிரே நடுவர்களாக உட்கார்ந்திருந்த மூன்று பேரில் நடுவில் இருந்தவர் தண்ணீர் குடித்தார், குடித்த டம்ளரை வைத்தார், டம்ளர் மேஜையில் பட்ட சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது, டொக். அப்புறம் அவரே சொன்னார், பரவாயில்லை உட்காருங்க. உட்கார்ந்தாள். பரவாயில்லை என்று சொல்லாமல் திட்டியிருக்கலாம் அந்த மனுஷன். அன்றைக்குச் சாயங்காலம் பேராசிரியர் கூப்பிட்டு, பேச வராதவங்களுக்கு டிராஃப்டிங் இருக்கும்மா, எழுதற வேலை, அதுவும் கௌரவமான வேலைதான் என்றார். அதுவும். அந்த அதுவும் இருக்கிறதே, அதுதான் போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது, பஸ்ஸில் வருகிறது, சாப்பிடும்போது வருகிறது. கண்ணாடிக் கட்டிடத்துக்கு ஏன் விண்ணப்பம் போடவில்லை என்று அம்மா கேட்டதற்கு இடமில்லையாம் என்று சொன்னாள். இடமிருந்தது. நேர்காணல் இருந்தது, அதுதான் விஷயம், நேர்காணலில் பேச வேண்டுமே. ஆறுச்சாமி சார் ஒன்றும் கேட்கவில்லை, பேசாமல் நிற்பாயா என்றுதான் கேட்டார், அட, அதுக்குத்தானே நான் பிறந்தேன் என்று சேர்ந்துவிட்டாள். மை லார்ட். இங்கே மாவட்டத்தில் மை லார்ட் கூடக் கிடையாது, மேடம் என்றால் போதும், மேடம் என்று இப்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், வந்தது, மனசுக்குள் எப்போதும் வருகிறது, மனசுக்குள் அவள் எத்தனை வழக்கு ஜெயித்திருக்கிறாள், பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் போதும், பல்லடம் தாண்டுவதற்குள் ஒரு கொலை வழக்கில் ஆளை விடுதலை பண்ணிவிடுவாள், டொக், அந்த டம்ளர், பேசுங்க என்று சொல்லியிருந்தால் ஒருவேளை,

"முப்பது," என்றார் பெஞ்ச் கிளார்க்.

முதலில் அது ஏதோ வேறு கோர்ட்டின் முப்பது போல இருந்தது. பதினெட்டு எங்கே? பத்தொன்பது எங்கே? பக்கத்திலிருந்த கிழவர் ஒருத்தர், குமாஸ்தா, காதில் பேனா வைத்தவர், அவரைக் கேட்டாள். "பதினேழுலருந்து இருபத்தேழு வரைக்கும் ஒரே ஊர்க்காரங்க போட்டதும்மா, எல்லாம் ஒரே கட்டு. மொத்தமா வாய்தா போட்டாச்சு," என்றார். "அப்ப இருபத்தெட்டுங்க?" "அதுவா. கூப்பிட்டாங்க, யாரும் எந்திரிக்கல. தடையை நீட்டிக்கலைன்னு சொல்லிட்டாங்க. ஏன், உங்களுதா?" இங்கேயே இருந்தாள். இதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, இருபத்தெட்டு என்று அந்த மனுஷன் சொன்னபோது இவள் கல்லூரியில் டம்ளர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே கட்டாக வரும் வழக்குகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதா, காலையில் பட்டியலைப் பார்க்கும்போதே அடுத்தடுத்து ஒரே பேர் இருந்தால் தாண்டிப் போய்விடும் என்று கணக்கு வைக்க வேண்டும், வாரக்கணக்கில் இந்த பெஞ்சில் உட்கார்ந்து வேறு என்ன கிழித்தாள், அந்த ஒன்றைக்கூடக் கவனிக்கவில்லை. பாவி. நீ ஒரு பாவி. உனக்கு ஒரே ஒரு வேலை. எதிர்த்தரப்பு வக்கீல் கட்டை மடித்துக்கொண்டு வெளியே போவது தெரிந்தது, வாசலைத் தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், யாரிடம் பேசுகிறார் என்று கேட்க வேண்டியதில்லை, பூட்டு வாங்கத்தான் சொல்லுவார்.

"அம்மிணி, நம்முளுது?"

ஜன்னலில் துளசிமணியின் முகம். கம்பிக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. புருவத்தில் மாவு. "எதிர்க்கட்சி வக்கீல் சிரிச்சுட்டுப் போறாருங், எனக்கு உசுரே இல்லை. கூப்ட்டுட்டாங்களா என்னமோ?"

"இன்னும் வரலைக்கா," என்றாள் மோகனப்பிரியா.

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. வார்த்தை எவ்வளவு சுத்தமாக வந்தது, தடங்கலே இல்லாமல், நாக்கு எங்கேயும் ஒட்டாமல். பொய் என்றால் மட்டும் வருகிறது. "அப்படிங்களா," என்று துளசிமணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல வேளைங். காத்தாலைருந்து பச்சத் தண்ணி பல்லுல படலை. நேரமாகும்னா வாசல்ல போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றனுங்." போய்விட்டாள். இவள் பேச்சை நம்பி டீ குடிக்கப் போகிறாள். ஐயோ. இப்போது மேலே ஓடலாம். ஓடிப் போய் சார் பக்கத்தில் நின்றால் அவர் குறுக்கு விசாரணையை முடித்துவிட்டுத்தானே திரும்புவார், அதற்குள் மேடம் எழுந்து சேம்பருக்குப் போய்விட்டால்? சொல்லாமலே இருந்துவிடலாம். கிளார்க் சொன்னது காதில் விழவில்லை, மின்விசிறி சத்தம் என்று சொல்லலாம், மின்விசிறி என்ன கூண்டில் ஏறி மறுக்கவா போகிறது. இன்டர்ன்தானே, யார் என்ன செய்துவிடுவார்கள், அதிகம் போனால் சர்டிபிகேட் இல்லை என்பார்கள், நாளையிலிருந்து வராதே என்பார்கள், வராமல் இருந்தால் நல்லதுதான், தூங்கலாம். தடையைத் திரும்ப வாங்க மனுப் போடலாம், அதற்கு வழி இருக்கிறது, வாரம் ஆகும், அந்த வாரம் முழுக்கப் பூட்டுத் தொங்கும், இட்லிக் கடைக்காரன் ஒரு நாள் பார்ப்பான், இரண்டாம் நாள் வேறு மில்லுக்குப் போவான், போனவன் திரும்பி வரமாட்டான். இன்னும் வரலைக்கா. நன்றாகச் சொன்னாய். சொன்னதை என்ன செய்யப் போகிறாய்? முப்பத்தொன்று போய்க்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிறாளே, விட்டுப்போன வழக்கைச் சொல்ல வேண்டுமென்றால் வக்கீல்கள் என்ன செய்வார்கள்? குறுக்கே பேச மாட்டார்கள், பேசினால் மேடத்துக்குப் பிடிக்காது. சும்மா எழுந்து நிற்பார்கள். மேடம் பார்க்கிற வரைக்கும் நிற்பார்கள். ஆணிக்குத் தள்ளி உட்கார்ந்து உட்கார்ந்து இது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அவர்கள் கறுப்பு அங்கி போட்டவர்கள். இவள் வெள்ளைச் சுடிதார். இவள் நிற்கலாமா? நிற்கக் கூடாது. பேசவும் கூடாது. மோகனப்பிரியா எழுந்து நின்றாள்.

பக்கத்துக் கிழவர், "உக்காரும்மா, உக்காரும்மா," என்று துப்பட்டாவை இழுத்தார். முப்பத்திரெண்டு. மேடம் நிமிர்ந்தே பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். முன் வரிசை வக்கீல் ஒருத்தர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் என்னவோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரியுங்கள். முப்பத்திமூன்று. உட்கார்ந்துவிடலாம், இன்னும் ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்கும் முன்னால் உட்கார்ந்துவிட்டால் நின்றது கணக்கில் வராது. பரவாயில்லை உட்காருங்க. அந்தக் குரல் பின்னாலிருந்து வந்தது. இல்லை, பரவாயில்லை இல்லை, பரவாயில்லை இல்லை என்று உள்ளுக்குள்ளே சொல்லிக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா அது?" மேடம் கண்ணாடியை இறக்கினார். "அட்வகேட்டா?"

"இல்லைங்க மேடம். இன்டர்ன். ஆறுச்சாமி சார் ஆபீசுங்க."

"இங்க நீங்க பேசக் கூடாது, தெரியுமில்ல?"

"தெரியுங்க மேடம்."

"அப்புறம் எதுக்கு நிக்கறீங்க?"

"உக்கார முடியலைங்க மேடம்."

கோர்ட் முழுக்கச் சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை, அது போதும், சிரித்திருந்தால் இவள் அங்கேயே விழுந்திருப்பாள். நாக்கு மேலே போகப் பார்த்தது. போக விடாமல் பேசினாள், இங்கிலீஷ் இல்லை, பஸ்ஸில் ஒத்திகை பார்த்த எதுவும் இல்லை. "இருபத்தெட்டுங்க மேடம். மாவு மில்லு. கூப்பிட்டப்ப நான் இங்கதான் இருந்தனுங்க. சார் மேல கிராஸ்ல இருக்காரு, முன்னாடியே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லியிருந்தாரு. நான் வேற நினைப்புல இருந்துட்டனுங்க. தப்பு என்னுது. அந்தக்கா வெளிய காத்தாலைருந்து நின்னுட்டு இருந்தாங்க. இன்னைக்கு நீட்டலைன்னா சாயங்காலம் பூட்டிருவாங்க மேடம்." இவ்வளவையும் அவள்தான் சொன்னாள்.

"கோர்ட்ல உக்காந்துட்டு அப்படி என்ன நினைப்பு?" என்றார் மேடம்.

மறுபடியும் சிரிப்பு. பொய் ஒன்றும் கைவசம் இல்லை, இருந்த ஒன்றை ஜன்னலிலேயே செலவழித்தாயிற்று. "ஒரு நாள் இதே மாதிரி எந்திரிச்சுப் பேச வராம நின்னனுங்க. அதைத்தான் நினைச்சுட்டு இருந்தேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அப்புறம் கிளார்க் பக்கம் கையை நீட்டி இருபத்தெட்டின் கட்டை வாங்கிப் புரட்டினார். "நான் இன்னும் கையெழுத்துப் போடல. ஆறுச்சாமியை வரச் சொல்லுங்க. எதிர்த்தரப்பு வக்கீலையும் கூப்பிடுங்க, வராந்தாவுல இருப்பாரு. இனிமே நீங்க எந்திரிச்சுப் பேசக் கூடாது. அங்கி போட்டுட்டு வந்து பேசுங்க." செரிங்க மேடம் என்று சொன்னாளா, தலையை மட்டும் ஆட்டினாளா, அதற்குள் படியில் இருந்தாள்.

மாடிக் கோர்ட்டில் போய் சார் பக்கத்தில் நின்றாள். பேசவில்லை. அவர் சாட்சியை ஒரு கேள்வியோடு விட்டுவிட்டு, அந்தக் கோர்ட்டில் அனுமதி கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். "இருபத்தஞ்சு ஆயிருச்சா?" "இருபத்தெட்டு வந்துட்டுப் போயிருச்சுங்க சார். மேடம் மறுபடி எடுக்கறேன்னுட்டாங்க." படியில் நின்றுவிட்டார். "அதெப்படி எடுப்பாங்க? யாரு எந்திரிச்சா?" "நானுங்க சார்." "நீயா?" என்றார். திட்டுவார் என்று தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றாள். "செரி, நட. நடந்துட்டே சொல்லு," என்றார், அங்கியைச் சரிபண்ணிக்கொண்டே இறங்கினார். இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள், கொஞ்சம்தானே இருந்தது. உள்ளே போய் அவர் ஒரு வரிதான் சொன்னார், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கிறேன் என்று ஒரு வரி சொன்னது, மேடம் தடையை அடுத்த வாய்தா வரைக்கும் நீட்டித்தார், கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது, இதற்குத்தான் இத்தனையும். சார் மறுபடி மாடிக்குப் போகும்போது இவளிடம் குனிந்து, "நாப்பத்தொன்னு நம்மளுது இருக்கு. கட்டு வழக்கு ஏதாச்சும் இடையில வருதான்னு பாத்துக்க," என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, போகிற போக்கில் திரும்பி, "உம் பேரென்னம்மா?" என்றார். சொன்னாள். தலையை ஆட்டிக்கொண்டே போனார், சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார்.

பெஞ்சில் உட்கார்ந்தாள். உடம்பிலிருந்து எல்லாம் வடிந்து போய், அப்படியே படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆணி குத்தியது, தள்ளி உட்கார்ந்தாள்.

"அம்மிணி," என்று ஜன்னலில் சத்தம். துளசிமணி. முகம் முழுக்கச் சிரிப்பு. கம்பிக்கு நடுவில் ஒரு காகிதப் பொட்டலம் வந்தது, உள்ளே இரண்டு பருப்பு வடை, சூடு. "வக்கீலய்யா சொன்னாருங், நீட்டிட்டாங்கன்னு. பாருங்க, நான் வாசல்ல டீயக் கையில வாங்கிட்டு, ஐயோ இந்நேரம் கூப்ட்டுருப்பாங்களோ, அந்த வக்கீல் சிரிச்சது அதுக்குத்தானோன்னு குடிக்காமயே நின்னுட்டனுங். அப்புறம் நெனச்சேன், அட, அந்த அம்மிணிதான் இன்னும் வரலைன்னு சொல்லுச்சே, அதுக்குத் தெரியாதா, உள்ளயே உக்காந்துட்டு இருக்கற புள்ளை. அப்பறந்தான் டீயே தொண்டையில எறங்குச்சு."

அக்கா, நான் சொன்னது பொய் என்று சொல்ல வாயைத் திறந்தாள் மோகனப்பிரியா. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது.

"சாப்புடுங் அம்மிணி, ஆறிப்போகும்," என்றாள் துளசிமணி. "அடுத்த வாய்தாவுக்கும் நீங்கதான் இங்க உக்காரோணும், ஆமாங். வேற ஆரு உக்காந்தாலும் நான் நம்ப மாட்டேன்."

வடையின் எண்ணெய் காகிதத்தைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது. பெஞ்ச் கிளார்க் தொண்டைக்குள்ளிருந்து முப்பத்தஞ்சு என்றார். மோகனப்பிரியாவுக்கு நன்றாகவே கேட்டது.